இலை அறுக்கப் போன பிள்ளை

திங்களூர் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். அங்கே வாழ்ந்த சிவனடியார் அப்பூதியடிகளின் கதையைக் கேட்டே வளர்ந்தேன். அவர் வீட்டில் நாவுக்கரசருக்கு விருந்து. வாழை இலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டுகிறது. விருந்து தடைப்படுமே என்று யாரிடமும் சொல்லாமல் ஓடிவந்து, அம்மா கையில் இலையைக் கொடுத்துவிட்டுச் சாய்கிறான். பெற்றவர்களோ உடலை மறைத்துவைத்துவிட்டு அடியாரைச் சாப்பிட அழைக்கிறார்கள்.

சின்ன வயதில் இந்த இடத்தில் அழுவேன். குழந்தைகள் அவசரப் பிரிவில் 18 வருஷம் நர்ஸாக இருந்த பிறகு கோபம்தான் வருகிறது.

ஒரு ராத்திரி எட்டு வயசுப் பையனைத் தூக்கி வந்தார்கள். வைக்கோல் போரில் பந்து தேடியவனைக் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. அடி விழும் என்று அவனும் சொல்லவில்லை. கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அப்போதும் முதலில் மந்திரிக்கத்தான் போயிருக்கிறார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்தோம். சாய்த்தால் உறையாமல் தண்ணியாய் ஓடியது.

விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி.

"இத்துனூண்டு பிள்ளைக்குப் பெரியாளு அளவாம்மா?" என்றார் பையனின் அப்பாயி.

"பாம்பு ஆளைப் பாத்தா விஷத்தைக் குறைக்குது, பாட்டி?"

"எழுதியிருந்தா பொழைப்பான்."

நான் பதில் சொல்லவில்லை. கையில் வேலை இருந்தது. அந்த மருந்துப் பொடியில் நீரை விட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் அது கரைகிற நேரத்தில்தான் கரையும்.

அப்பாயி சொன்ன எழுத்தை நான் மறுக்கிறவள் இல்லை. ஆனால் வடநெம்மேலியில் விரியனைப் பிடித்து விஷம் எடுக்கும் இருளர்கள், அந்த விஷத்தை உடம்பில் ஏற்றுக்கொள்ளும் குதிரை, 108 வண்டியை ஓட்டி வந்தவர் எல்லாரும் அந்த எழுத்தில் உண்டுதானே? மந்திரித்தவரோடு அது முடிந்துவிடுமா என்ன?

பிறகு ஒருநாள் பெரியபுராணத்தைத் திரும்ப எடுத்தேன். திருநீறு கொடுக்க மூத்தவன் எங்கே என்று கேட்கிறார் நாவுக்கரசர். பெற்றவர்கள் மழுப்புகிறார்கள். விஷயம் தெரிந்ததும் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுகிறார். பிள்ளை உயிர்பெற்று எழுந்த பிறகுதான் இலையில் உட்காருகிறார். அப்போதும் பெற்றவர்களுக்கு அடியார் உண்பது தாமதமாகிவிட்டதே என்றுதான் வருத்தம்! சிறுவயதில் எனக்குக் கதை சொன்னவர்கள், அவர் எழுந்ததைவிட அவர்கள் மறைத்ததைத்தான் அழுத்திச் சொன்னார்கள்.

விடியும்போது குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அப்பாயி மடியிலிருந்த விபூதியைப் பையன் நெற்றியில் இட்டார். மிச்சத்தை எனக்கும் பூசிவிட்டு, "ராத்திரியிலேருந்து நீ ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?" என்றார்.