தரிசு என்றொரு சொல்

பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவன் என்று ஏட்டில் எழுதி வைத்தார்கள். எழுதியவன் யார், எழுதியதால் எவருக்கு ஆதாயம் என்று கேட்டோம். ஏடு ஆட்டங் கண்டது. அதே கேள்வியை வருவாய்த் துறையின் கணக்கேட்டை நோக்கியும் கேட்க வேண்டும், தோழர்களே! அங்கே மண்ணுக்கும் ஒரு தாழ்ந்த பெயர் உண்டு: தரிசு.

வெள்ளையர் வகுத்த ரயத்துவாரிக் கணக்கில், உழாது கிடந்த நிலம் தரிசு. வரிக்குப் புறம்பானது புறம்போக்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபோது, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளுக்கும் அக்கணக்கே வந்தது. கருவூலத்துக்கு வரி தராத மண் என்பதுதான் அச்சொற்களின் பொருள். எவருக்கும் பயன் தராத மண் என்று அதனை நாமே திரித்துக் கொண்டோம்.

பயன் உண்டா இல்லையா என்பதைக் கீதாரியைக் கேளுங்கள். மழைக்குப்பின் அந்தத் தரிசில் தலைகாட்டும் புல்லே அவருடைய மந்தைக்கு உணவு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும், ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்களுக்கு நடக்கிறார். பகலில் அரிதாள் மேய்ச்சல், இரவில் கிடை. புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரம், கீதாரிக்குக் கிடைக்கூலி. ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்பது உழவர் வாக்கு. வறண்ட சீமையின் புல், வளமான நாட்டின் நெல்லுக்கும் துணை நிற்கிறது. இதையா வீண் நிலம் என்பது?

‘உழுபவனுக்கே நிலம்’ என்பது நேரிய முழக்கம். ஆனால், உழுதால் பலன் தராத நிலமும் உண்டே! மழை பொய்க்கும் மண்ணில், மழை பெய்த இடத்தைத் தேடி நகர்வதே அறிவுடைமை. அப்படி நகர்பவனுக்கு உரிமை எதனால் பிறக்கும்? பட்டாவினாலா, பயன்பாட்டினாலா? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்றது. ஆனால் அது காட்டு நிலத்துக்கு மட்டுமே. ஊர்ப் புறம்போக்கில் மேய்ப்பவருக்கு அது கைகொடுக்காது.

கமுதியருகே 2016இல், சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. கதிரொளியை மின்னாற்றலாக்கும் அறிவியலை வரவேற்போம். அத்தகைய ஆலைகள் இன்னும் வரும், வரட்டும். இடம் தேடுகையில் ‘தரிசுதானே’ என்று கைவீசிக் கடப்பது மட்டும் அறிவியலாகாது.

கிடை வாழ்வைப் பொற்காலமென்று பாடவும் நாம் வரவில்லை. கடனுக்கு ஈடாகச் சிறுவர்களை ஆடு மேய்க்க விட்ட கொடுமை அங்கேயும் உண்டு. கொத்தடிமையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரும் சிறுவர்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். மேய்ப்பவருக்கு நிலத்தில் நீதி கேட்கும் நாவே, அந்தச் சிறுவனுக்குப் பள்ளியும் கேட்க வேண்டும்.

தரிசைக் கைமாற்றுமுன் கணக்கேட்டில் ஒரு பத்தியைச் சேருங்கள்: இங்கே மேய்ப்பவர் யார், எந்த மாதங்களில், எத்தனை ஆடுகள்? அந்தப் பத்தி வெற்றிடமாக இருக்குமானால், பிறகு சொல்லுங்கள் தரிசென்று.