கையில் ஏந்திய இருதயம்



உங்கள் வீட்டுத் திரு இருதயப் படத்தின் முன் தினமும் விளக்கேற்றுகிறீர்கள். அதன் பூர்வீகத்தை அறிவீர்களா?

பிரான்சு தேசத்தில் பாரே-லெ-மோனியால் மடத்திலே அர்ச். மார்கரீத் மரியம்மாளுக்கு ஆண்டவர் தமது இருதயத்தைக் காண்பித்தது 1673 முதல் 1675 வரையில். 1765-ல் 13-ம் கிளெமெந்து பாப்பரசர் இத்திருநாளுக்கு உத்தரவு அளித்தார். இரண்டு வருஷங்கழித்து, 1767-ல், பொற்கொல்லர் ஒருவரின் மகனான பொம்பேயோ பத்தோனி என்னும் இத்தாலிய ஓவியர் செப்புத் தகட்டின்மேல் எண்ணெய் வர்ணத்தால் ஒரு படம் தீட்டினார். உரோமாபுரியில் சேசு சபையாரின் ஜேசு ஆலயத்தில் அது இன்றும் இருக்கிறது. நம் வீட்டுப் படங்களில் அநேகம் அதன் வழிவந்தவையே.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ரொக்கோக்கோ என்றொரு பாணி இருந்தது. பிரபுக்களின் மாளிகைகளுக்கேற்ற மெல்லிய வர்ணமும் இனிய சாயலும் அதன் லட்சணம். அந்த இனிமை இப்படத்திலும் உண்டு. திருமுகத்தின் அழகைப் பார்த்து நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம். சற்றுக் கீழே பாருங்கள். இருதயத்தைச் சுற்றி முள்முடி, அதிலே காயம், மேலே நெருப்பும் சிலுவையும். நம் படங்கள் பலவற்றில் இருதயம் மார்பின்மேல் இருக்கும். பத்தோனியின் படத்திலோ ஆண்டவர் அதைக் கையில் ஏந்தி நம்மை நேரே நோக்குகிறார். கையில் ஏந்துவது கொடுப்பதற்கல்லவா?

சில நாட்களுக்கு முன் ஒரு வீட்டை மந்திரிக்கப் போனேன். எந்த வீடென்று தேடாதேயுங்கள், அப்படிப்பட்டவை பல. கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறையினிமித்தம் அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை. வீட்டின் நடுவே சுவர். இந்தப் பக்கம் ஒரு திரு இருதயப் படம், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் சிவப்பு விளக்கு. இரு குடும்பமும் தலைவெள்ளிதோறும் நன்மை வாங்குகிறவர்கள். நானும் இரு பக்கமும் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அன்றிரவு என் அறையிலுள்ள படத்தை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாயிருந்தது.

1907-ல் திறக்கப்பட்ட புதுவைத் திரு இருதய ஆலயத்துக்குக் கெடாரிலிருந்து பஸ் ஏறிப் போகிறோம். சுவருக்கு அப்பால் போகத்தான் கால் எழும்பவில்லை.

ஆகையால் இந்த வாரம் அந்த வீட்டுக்கு நான் மறுபடியும் போகிறேன். நீங்களும் தலைவெள்ளிக்கு முன் உங்கள் சுவரைத் தாண்டிப் போங்கள். நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். குத்தப்பட்ட இருதயத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. என்றாலும் முதலில் கையை நீட்டியவர் அவரே.

உங்களுக்காக மன்றாடும்,
பங்குக் குரு