காசுல யாரோட முகம்?

கி.மு. 44-ல ஜூலியஸ் சீசர் உயிரோட இருக்கும்போதே அவர் முகம் ரோமாபுரி காசுல வந்துச்சு. 'ராஜாவாகப் பார்க்கிறார்'னு அவரைக் கொன்னவங்கள்ல ஒருத்தர் புரூட்டஸ். சுமார் ரெண்டு வருஷத்துல அவரும் தன் முகத்தைக் காசுல அடிச்சார்!

சுமார் 1,800 வருஷம் முன்னாடி, இன்றைய ஹரியானா பக்கம் மன்னர் இல்லாம குழுவா ஆண்டவங்க யௌதேயர்கள். அவங்க காசுல வேல் பிடிச்ச நம்ம கார்த்திகேயன். சில காசுல ஆறுமுகமாவே நிக்கிறார்.

சாமி பேரைச் சொல்லி அதுவும் அதிகாரம்தானே? இருக்கலாம். ஆனா கொடுத்தவனும் வாங்கினவனும் அதுல பார்த்தது ஒரு மனுஷனோட முகத்தை இல்ல.

இப்போ நம்ம பணம் போன் திரையில வெறும் நம்பர். அதுல நம்ம முகத்தை ஒட்டிக்கிறோமா, அவன் கொடுத்ததுன்னு நினைக்கிறோமா? சம்பள நாள்ல யோசிச்சுப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!