தோட்டத்து நோயாளி யார் பொறுப்பு?

மலேசியாவின் மலாக்கா மாநிலத்துப் பெம்பான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களும் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் மழை ஒன்று, கொசு ஒன்று. ஆனால் சுதந்திரத்துக்குப் பிந்திய பல பத்தாண்டுகளில், பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு யார் வந்து உதவுவார் என்பதை அவள் குடியிருந்த நிலம் யாருடையது என்பதே பெரிதும் தீர்மானித்தது.

அரசாங்கத்தின் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், அதற்குக் கீழே துணை நிலையங்கள், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று கணக்கிட்டு வளர்ந்தது. அன்றைய துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் முன்னின்று நடத்திய கிராம மேம்பாட்டுத் திட்டம் சாலையும் குடிநீரும் கொண்டுவந்தது. இவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு மலாய்க் கம்பங்களில் குழந்தைகள் மற்ற சமூகத்தாரிடையே இருந்ததைவிட அதிகமாகவே இறந்துகொண்டிருந்தன; முதலில் அங்கே போனது நியாயமே. தோட்டத்தார் கம்பத்துக் கிளினிக்குக்குப் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டுப் பணம் அதன் எல்லையோடு நின்றது. உள்ளே இருப்பவர்களின் வீடு, தண்ணீர், மருந்து எல்லாம் முதலாளியின் பாடு என்று விடப்பட்டது.

இதற்கு ஒரு வலுவான நியாயம் உண்டு. உழைப்பால் லாபம் காண்பவரே உழைப்பவரின் உடம்புக்கும் பொறுப்பு. மக்கள் வரிப்பணத்தில் தோட்டத்துக்குள் ஆஸ்பத்திரி கட்டினால், லண்டனில் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு அது மிச்சமாகும். தமிழ்நாட்டின் தேயிலைத் தோட்டங்களுக்கும் பொருந்திய 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்கூட மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாகத்தான் வைத்தது. அதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கடமை நடைமுறையில் எப்படி இருந்தது? தோட்டத்து வைத்தியம் என்றால் டிரெஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டமே வந்தது. அவர்களில் ராப்பகல் பாராமல் லயத்துக்கு ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். குறை அவர்களிடம் இல்லை, அவர்களை நிறுத்திவைத்த இடத்தில் இருந்தது. டிரெஸருக்குச் சம்பளம் தருவது தோட்டம். காய்ச்சல்காரருக்கு அவர் எழுதித் தரும் ஒவ்வொரு நாள் ஓய்வும் தோட்டத்துக்கு ஓர் ஆள் குறைவு. நோயாளியின் நலமும் சம்பளம் தருபவரின் கணக்கும் மோதும் இடத்தில் ஒரு தனிமனிதரை நிறுத்திவிட்டு, நேர்மையை அவருடைய மனத்துணிவுக்கு விட்டார்கள். கம்பத்துக்கு வந்த அரசாங்கத் தாதியான மிசிக்கு அந்த நெருக்கடி கிடையாது. கட்டடமும் மருந்தும் சரிசமமாக இருந்திருந்தால்கூட இந்த வேறுபாடு தீர்ந்திருக்காது.

முதலாளி கடமை தவறினால் என்ன? 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது இந்தக் கேள்வி நேராகவே எழுந்தது. துண்டு நிலம் வாங்கியவருக்கு ஆஸ்பத்திரி நடத்தும் வசதியும் இல்லை, மனமும் இல்லை. பொறுப்பேற்க வேண்டியவர் காணாமல் போனார். நோயாளி அங்கேயே இருந்தார்.

தனியார் நிலம் என்ற வாதத்தின் பலவீனம் 1981 செப்டம்பரில் வெளிப்பட்டது. அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற தோட்டக் கம்பெனியை ஒரே காலையில் கைப்பற்றியது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியின் தோட்டங்களின் லாபம் அந்நியருக்குப் போகிறது என்று சொல்ல வழியில்லை. அதற்குப் பிறகும் தோட்டம் தனியார் நிலமாகவே எண்ணப்பட்டது. இலங்கையிலும் 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்களை அரசே எடுத்துக்கொண்ட பின்னும் தோட்ட மருத்துவம் பொதுச் சுகாதாரத் துறைக்கு வெளியிலேயே நெடுங்காலம் கிடந்தது. உரிமையாளர் மாறியும் வழக்கம் மாறவில்லையென்றால், லண்டன் கம்பெனிக்கு மிச்சமாகும் என்ற கவலை மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது.

இங்கே இரண்டு கடன்கள் ஒன்றாகக் குழப்பப்பட்டன. முதலாளி தர வேண்டியதை வசூலிப்பது அரசுக்கும் முதலாளிக்கும் இடையிலான வழக்கு. வரி போடலாம், தண்டம் விதிக்கலாம், நீதிமன்றம் போகலாம். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது அரசுக்கும் மனிதருக்கும் இடையிலான கடன். முதல் வழக்கு தீரும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டும் என்பதற்கு எந்த அறமும் இடம் தராது. தோட்டத்தார் பொதுப் பணத்துக்கு அந்நியரும் அல்லர். பால்வெட்டுத் தொழிலாளியின் கை பட்டு வந்த ரப்பருக்கு அரசு ஏற்றுமதி வரி வாங்கியது. கம்பத்துக் கிளினிக் எழுந்த கருவூலத்தில் அந்தப் பணமும் இருந்தது.

இது பழங்கதையாகிவிடவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் போய்விட்டன. குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் போதும். இப்போது தோட்டங்களில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குலை அறுக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் பல மடங்கு. அதற்குச் சொல்லப்படும் காரணம், அவர்களை அழைத்து வந்த முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. 2019 முதல் வேலையிடத்து விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. விபத்தல்லாத காய்ச்சலுக்கும் நாள்பட்ட இருமலுக்கும் அது உதவாது. அந்தச் செலவை யார் ஏற்பது என்று கேட்கும்போது, ஒரு காலத்தில் தங்கள் பாட்டிமார்களுக்குச் சொல்லப்பட்ட அதே பதிலை மலேசியத் தமிழர்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.