பந்தியும் கயிறும்: பள்ளிச் சமத்துவத்தை ஆணையால் கொண்டுவர முடியுமா?

பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பிள்ளைகள் எப்படி உட்கார வேண்டும், எதை அணியக் கூடாது என்று அரசு ஆணையிடும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வெளியிலிருந்து வரும் உத்தரவால் மனத்தில் சமத்துவம் பிறக்குமா? குடும்பத்தின் நம்பிக்கைக்குள் அந்த உத்தரவு எவ்வளவு தூரம் நுழையலாம்? தாமிரபரணிக் கரையில் இவை நூறாண்டுப் பழமை கொண்ட கேள்விகள்.

வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர் சேரன்மாதேவியில் நடந்தது. பல சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள். ஆனால் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி குருகுலத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, ஐயாயிரம் கொடுத்திருந்தது. பலர் கொடுத்த பணத்தில் நடக்கும் இடத்தில் பிறப்பைப் பார்த்துப் பந்தி பிரிக்கலாமா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கேட்டார்கள். வாக்குக் கொடுக்கப்பட்ட இருவருக்கு மட்டும் விலக்கு, இனிச் சேர்வோர் எல்லாருக்கும் ஒரே பந்தி என்று காந்தி சமரசம் சொன்னார். அது எடுபடவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று 1925 ஏப்ரலில் கமிட்டி தீர்மானம் போட்டது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஜூன் மாதம் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார்.

மனம் மாறாமல் பந்தி மாறிப் பயனில்லை என்ற வாதத்துக்கு இன்றும் செல்வாக்கு உண்டு. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது: உத்தரவுக்குப் பயந்து பக்கத்தில் உட்காருபவன் உள்ளூர ஒதுங்கியே இருக்கலாம். ஆனால் மனம் மாறும்வரை பொறு என்று சொல்லப்படுவது எப்போதும் ஒரு பக்கத்துப் பிள்ளையிடம்தான். ஒதுக்குபவனுக்கு அந்தக் காத்திருப்பில் எந்த இழப்பும் இல்லை.

சமய மரபு மட்டும் போதுமா என்று பார்க்கவும் இந்த ஆற்றங்கரையே இடம் தருகிறது. ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வாரை வேளாளர் குலத்தவர் என்றே வைணவ மரபு சொல்கிறது. பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்த பிராமணரான மதுரகவி அவரையே குருவாகக் கொண்டார். பக்திக்குப் பிறப்பு தடையில்லை என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அந்தக் கொள்கை கோயிலில் பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டும், சேரன்மாதேவியின் சாப்பாட்டுக் கூடம்வரை வந்து சேரவில்லை. நம்பிக்கை ஒரு லட்சியத்தைக் காட்டும். அன்றாட நடைமுறையை மாற்றுவதற்கு விதியும் அதை அமல்படுத்தும் ஆளும் தேவை.

இன்றைய சிக்கல் மணிக்கட்டில் இருக்கிறது. சாதியைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறங்களில் மாணவர்கள் கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லி, 2019 ஜூலை 31 அன்று பள்ளிக் கல்வி இயக்குநரகம் சுற்றறிக்கை அனுப்பியது. மத அடையாளத்தில் கை வைப்பதாக எதிர்ப்பு எழுந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் அறிவித்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். தாக்கியவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தார்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், அகர வரிசையில் இருக்கை, ஒரு வட்டாரத்தின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அதிகாரியாக நியமிக்காமை ஆகியவற்றோடு, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடையையும் அது பரிந்துரைத்தது.

கயிறும் நெற்றிக்குறியும் ஒன்றல்ல. சாதிக்கு ஒரு நிறம் என்று கட்டப்படும் கயிற்றுக்கு, எதிரே வருபவனுக்கு எச்சரிக்கை சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லை. வழிபாட்டுச் சுதந்திரத்தின் பெயரால் அதைக் காப்பாற்ற முடியாது. விபூதியும் திருமண்ணும் சாதிகளைக் கடந்து பூசப்படுபவை. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு காக்கும் நம்பிக்கை அது. ஒரு பள்ளியில் பொட்டும் சாதிக் குறியாகிவிட்டது என்றால் அதற்குச் சான்று காட்டித் தடுக்கலாம். எல்லா நெற்றிகளுக்கும் ஒரே விதி போடுவது, குற்றமில்லாத பக்தியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சாதியைக் காணாமல் இருப்பதே சமத்துவம் என்றும் சொல்லிவிட முடியாது. வருகைப் பதிவேட்டில் சாதி எழுதப்படக் கூடாது. உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் அது எழுதப்பட்டே ஆக வேண்டும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் விழுந்த பிறகு, 1951இல் முதல் சட்டத்திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது இதற்காகத்தான். வகுப்பறையில் அறிவிக்காமல், அலுவலகத்தில் மறக்காமல் வைத்திருப்பதே இரண்டுக்கும் இடமளிக்கும் வழி.

கல்வி 1976இல் பொதுப்பட்டியலுக்கு மாறியதால் ஒன்றிய அரசின் ஆணையும் இதில் சேர்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை ஈடுசெய்வதற்கும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர் ஊதியத்துக்கும் ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா நிதி உதவுகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25இல் அந்த நிதி நிறுத்தப்பட்டது. மாநிலம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த 25 விழுக்காட்டு இடங்களுக்கான அடுத்த ஆண்டுச் சேர்க்கையும் உரிய காலத்தில் தொடங்கவில்லை. சேரன்மாதேவியில் பணம் கொடுத்தவர்கள் ஒரே பந்தியைக் கேட்டார்கள். இங்கே நிபந்தனை வேறொரு கொள்கையைப் பற்றியது. நின்றுபோனது, சமத்துவத்துக்கென்றே ஒதுக்கிய பணம்.