ஒன்னும் ஆகாதுலா

பழைய காடி வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு கசிவைக் காட்டிப் பாருங்கள். "ஒன்னும் ஆகாதுலா" என்றுதான் முதல் பதில் வரும். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாயில் தானாக வருகிற சொல். ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கவனிக்காமல் விட்ட ஒன்றால் இதுவரை யாருக்கும் தீங்கு வரவில்லை என்றால், விட்டவர் மேல் தப்பு உண்டா, இல்லையா?

என்னை இந்தக் கேள்விக்கு இழுத்து வந்தது மாமாவின் பிக்கப். குளுவாங் பக்கம் அவருக்குச் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம். குலை வெட்டும் நாள்களில் பழத்தை ஏற்றி எடை போடக் கொண்டுபோவது அந்த வண்டிதான். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ரகம். முன்னச்சு ஒரே இரும்புக் குழாயாக இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை போகும். உள்ளே டிஃபரன்ஷியலில் கியர் ஆயில். குழாயின் இரண்டு முனையிலும், சுழலும் அச்சுத்தண்டைக் கவ்விக்கொண்டு ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். அதன் உதடு இறுகிப்போனால் ஆயில் தாண்டி வந்து, சக்கரம் திரும்பும் முட்டிக்குள் இருக்கும் கிரீஸைக் கரைக்கும். கரைந்த கறுப்புக் குழம்பு சக்கரத்தின் உட்பக்கம் வழியும். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் அது பட்டுவிட்டால், மிதிக்கும்போது ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும்.

"ரெண்டு வருசமா இப்படித்தான் ஓடுது. என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"ஒன்னும் ஆகல மாமா."

"அப்புறம் என்ன?"

இந்த 'அப்புறம் என்ன'வுக்குப் பதில் சொல்வது லேசு இல்லை. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் அறத்தில் அதிர்ஷ்டத்தின் இடம் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். நேகலின் உதாரணங்களில் ஒருவர் லோரி ஓட்டுநர். பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வந்து அடிபட்டு இறந்தால், அந்த மரணத்துக்கு அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வார். குழந்தை வராமலே இருந்திருந்தால்? அதே பிரேக், அதே அலட்சியம். ஆனால் பெரிதாக நொந்துகொள்ள எதுவும் இருக்காது. குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்று குற்றத்தின் அளவை எப்படி முடிவுசெய்யலாம் என்பதுதான் நேகலின் சிக்கல். அவர் அதற்குத் தீர்வு எதையும் தரவில்லை.

நான் அதிகம் யோசிப்பது குழந்தை வராத ஓட்டுநரைப் பற்றி. அவர் வீட்டுக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் தான் கவனமானவர் என்ற நம்பிக்கை அவருக்குள் கூடிக்கொண்டே போகிறது. அதிர்ஷ்டம் கொடுத்த கடனை அவர் தன் சம்பாத்தியக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். நம்மில் பெரும்பாலோர் அவர்தான்.

மாமாவின் வண்டியை வீட்டு முன்வாசலிலேயே பிரித்தோம். வண்டியை ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்து, அச்சுத்தண்டை உருவினால், சீல் உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். அச்சுக் குழாயின் மேல் இருக்கும் மூச்சுத்துளை வேறு சேறு ஏறி அடைத்திருந்தது. ஓட்டத்தில் உள்ளே சூடேறும்போது காற்று விரியும். வெளியேற வழி இல்லையென்றால் அது ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சீலை மட்டும் மாற்றி மூடிவிட்டாலும் கொஞ்ச நாளைக்குக் கசியாது. மாமாவுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் "போர்மேன் பார்த்துக்கிட்டாரு" என்று சொல்லிக்கொள்ளலாம். ரசீதோடு சேர்த்து ஒரு நிம்மதியும் கிடைக்கும். வீட்டில் செய்யும் வேலைக்கு மேற்பார்வையாளர் கிடையாது, பொறுப்பை மாற்றிவிட ஆளும் கிடையாது. பள்ளத்தை நகத்தால் தொட்டுவிட்ட பிறகு 'தெரியாது' என்ற வார்த்தை செல்லாது. துளையைச் சுத்தம் செய்தோமா, சீல் கோணாமல் இறங்கியதா, அதன் உதடு பள்ளத்தில் விழாமல் தேயாத இடத்தில் உட்கார்ந்ததா, ஆயில் குடித்த பேடைத் துடைத்து மாட்டாமல் தூக்கிப்போட்டோமா? இவற்றில் அதிர்ஷ்டத்துக்கு அதிக வேலை இல்லை. இறக்கத்தில் நாளை யார் குறுக்கே வருவார் என்பது என் கையில் இல்லை. இது என் கையில் இருந்தது.

"காசு இருக்கிறவன் பேசுற பேச்சுப்பா இது" என்றார் மாமா. அதைத் தள்ளிவிட முடியாது. சீலின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. பழத்தின் விலை இறங்கிய மாதத்தில் உரம் வாங்குவதா, பிரேக் மாற்றுவதா என்று யோசிக்கிறவரிடம் நேகலைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் அந்த ஆபத்தில் மாமா மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. எதிரே மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற அம்மாவும் அதில் இருக்கிறார்; அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அப்படியென்றால் கடமை மாமாவோடு நிற்பதில்லை. ஸ்பேனர் வைத்திருக்கிறவனுக்கும், குனிந்து கசிவைப் பார்த்துவிட்டவனுக்கும் அதில் பங்கு வருகிறது. ஏழையைக் குற்றவாளி ஆக்குவதைவிட, கூட ஒரு ஆள் தரையில் படுப்பது நேர்மையான தீர்வு என்று நினைக்கிறேன்.

இதே கேள்வி பழைய ஆயிலோடும் வருகிறது. வடித்து எடுத்த கறுப்பு ஆயில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கிறது. லோங்காங் பத்தடி தூரத்தில். "ஒரு டப்பாவால என்ன ஆவப்போவுது?" பயன்படுத்திய மசகெண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இந்த நாட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுக்காற்றில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. அளவிலும் நஞ்சிலும் என் டப்பாவும் அந்தக் கழிவும் ஒன்றில்லை. ஆனால் ஒன்றை யோசிக்கலாம். அன்று பெருமழை பெய்து ஆறு எல்லாவற்றையும் கடலுக்கு அடித்துப் போயிருந்தால், கொட்டிய செயல் சின்னதாகியிருக்குமா? செய்தி ஆகியிருக்காது, அவ்வளவுதான். டப்பாவை மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன்.

மாமாவின் வண்டி இப்போது கசிவதில்லை. அதனால் ஏதாவது விபத்து தவிர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் 'ஒன்னும் ஆகாது' இவ்வளவு பலமாக நிற்கிறது. வில்லியம்ஸின் கட்டுரையிலும் ஒரு லோரி ஓட்டுநர் வருகிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் அவர் வண்டியில் ஒரு குழந்தை அடிபடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் வருத்தத்தைப்போல அவருடைய வருத்தம் இருக்காது என்கிறார் வில்லியம்ஸ். சரிதான். இரண்டு ஓட்டுநர்களும் அழுவார்கள். ஒருவர் மட்டும், அந்த இரவில், பிரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்காது. அந்த வித்தியாசத்துக்கு ஆகும் செலவு சில மணி நேர வேலையும் கொஞ்சம் கை அழுக்கும்.