கடப்பைத் தாண்டி உள்ளே போங்கள்

மகன் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான் என்று தெரிந்த அன்றே நம் வீடுகள் வாயை மூடிக்கொள்கின்றன. “சனம் அறிஞ்சா மானம் போயிரும்” என்கிறாள் தாய். தோடு அடகுக்குப் போகிறது. தங்கச்சியின் கலியாணப் பேச்சு தள்ளிப்போகிறது. தகப்பன் அடித்துப் பார்க்கிறார். கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்குகிறார்கள். சில நாளில் சத்தியமும் முறிகிறது.

அவன் கெட்டவன் என்பதால் முறியவில்லை. தூளை, அதாவது ஹெரோயினை, நிறுத்தினால் உடம்பு முறுக்கி நோகும், வாந்தி வரும், நித்திரை வராது. ஐஸை விட்டவன் மனம் சோர்ந்து விழுவான். இது மருந்தும் துணையும் வேண்டிய நோய். நெடுநாள் மது குடித்தவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைப்பது உயிருக்கே ஆபத்து, வலிப்பு வரலாம். வைத்தியரைக் கேளாமல் அதைச் செய்யாதீர்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை. கணவர் பெயரால் 1980இல் சிகிச்சை நிலையம் தொடங்கினார்; நோயாளியோடு குடும்பத்தையும் அழைத்து இருத்திப் பேசினார். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் ‘மெல் மெதுர’ நிலையம் 1984 முதல் பாவிப்பவருக்கும் வீட்டாருக்கும் இலவசமாக, இரகசியம் காத்து, ஆலோசனை தருகிறது. ஒருவன் பாவித்தால் வீடே நோயில் விழுகிறது என்பதை இரண்டு இடத்தாரும் அறிந்திருந்தார்கள்.

செங்கலடிச் சனங்களே, நாமும் அறிந்து நடப்போம். தாய்மாரே, கடன்பட்டு அவனுக்குக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். சோறு கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவன் வர மறுத்தால் நீங்களாவது போய்க் கேளுங்கள். ஒருமுறை திரும்ப விழுந்தான் என்று கைவிடாதீர்கள். எழுந்து நின்ற பலரும் விழுந்து எழுந்தவர்கள்தான்.

கோயில் நிருவாகத்தாரே, தேவாலயச் சபையாரே, கிழமைக்கு ஒரு பின்னேரம் மண்டபத்தைத் திறந்து இந்தக் குடும்பங்களை ஒன்றாய் இருக்கவிடுங்கள். கரடியனாற்றிலிருந்து மட்டக்களப்புக்கு மகனைக் கூட்டிப் போகும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. திருவிழாக் காசில் ஒரு பங்கு அவளுடைய பஸ் காசாகட்டும். அதுவும் அம்மனுக்குச் செய்த பூசைதான்.

வேலை தரக்கூடியவர்களே, சிகிச்சை முடித்து வந்தவனைப் பழைய பெயரால் கூப்பிடாதீர்கள். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

அயலவரே, இன்றிரவு பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் வேலியோரம் நின்று குசுகுசுக்காதீர்கள். கடப்பைத் தாண்டி உள்ளே போங்கள். “நாங்க இருக்கம்” என்று சொல்லுங்கள்.